பேஞ்சோவின் விலையும் தோலின் ஓசையும்

ஐந்து கம்பி பேஞ்சோக்கள் இரண்டை மாறி மாறித் தூக்கிப் பார்த்தால், மீட்டுவதற்கு முன்பே விலையின் வேறுபாடு கையில் தெரியும். சீனாவில் செய்யப்பட்டு இருநூறு, முந்நூறு டொலருக்கு விற்கும் சாதாரணக் கருவி பெரும்பாலும் மூன்று, மூன்றரைக் கிலோ இருக்கும். அமெரிக்கப் பட்டறைகளில் செய்யப்பட்டு மூவாயிரம் டொலருக்கு மேல் போகும் கருவி ஐந்து கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். அந்தக் கூடுதல் பாரத்தில் பெரும்பங்கு வெளியே தெரியாத ஒரு வெண்கல வளையத்துக்கு உரியது. அந்த வளையமும், விலையுயர்ந்த கருவியின் மற்ற வேலைப்பாடுகளும் காதுக்கு எதைக் கொடுக்கின்றன, எதைக் கொடுப்பதில்லை என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி.

கேள்வி அமெரிக்காவுக்கு உரியதுபோலத் தோன்றலாம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போகையில், வாகரைக்கு முன்னே, கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் பனிச்சங்கேணியில் இருந்துகொண்டு அதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் இசைக்கருவி என்றாலே முதலில் தோல்தான். வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்கு மத்தளம், சாவுக்கும் சடங்குக்கும் பறைமேளம், கோயிலுக்கு உடுக்கு, மட்டக்களப்புப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு றபான். பேஞ்சோவும் தோற்கருவிதான், கம்பி பூட்டிய பறை என்றே அதைச் சொல்லலாம். அதன் ஓசையை எடைபோடத் தேவையான காது இங்கே முன்பே இருக்கிறது. இரண்டாவது காரணம் காசு. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது பிள்ளைக்கு ஒரு கருவி கொண்டுவருகிறார் என்றால், எந்த விலையில் வாங்கச் சொல்வது என்பது ஒரு குடும்பம் உண்மையாகவே யோசிக்கும் விடயம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடவேண்டும். இந்தியக் கடைகளில் பேஞ்சோ என்று கேட்டால் பல இடங்களில் தட்டச்சுப் பொறிபோல விசைகள் பொருத்திய புல்புல்தரங்கை எடுத்துத் தருவார்கள். அது 1912இல் ஜப்பானின் நாகோயா நகரில் மொரிதா கோரோ உருவாக்கிய தைஷோகோட்டோவின் வழிவந்தது. மும்பையின் பிள்ளையார் ஊர்வலங்களில் ஒலிக்கும் பேஞ்சோ அதுவே. அதற்கு மரப்பெட்டிதான் உடல், தோல் கிடையாது. இக்கட்டுரை பேசுவது வட்டமான வளையத்தின்மேல் தோல் இழுத்துக் கட்டி, நீண்ட கழுத்து வைத்த கருவியைப் பற்றி.

அந்தக் கருவியின் பிறப்பு ஆபிரிக்காவில். செனகலிலும் காம்பியாவிலும் வாழும் ஜோலா மக்களின் அக்கொன்ட்டிங், சுரைக்குடுக்கையின்மேல் ஆட்டுத்தோல் போர்த்து மூன்று நரம்பு கட்டிய கருவி. அவற்றில் ஒன்று குறுகிய நரம்பு. இன்றைய பேஞ்சோவின் ஐந்தாவது குறுங்கம்பியை அதில் காணலாம். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் இத்தகைய கருவிகளைக் கரீபியத் தீவுகளில் மறுபடி செய்தார்கள். 1680களின் இறுதியில் ஜமேக்காவில் இருந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் அவற்றைப் பார்த்து, 1707இல் வெளியிட்ட நூலில் படமாகவே போட்டிருக்கிறார். சுரைக்குடுக்கை மரவளையமாக மாறியதும், ஆணி அடித்த தோல் கொக்கியும் நட்டும் வைத்து முறுக்கும் தோலாக மாறியதும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில்.

தோல் போர்த்த நரம்புக் கருவி நமக்கும் அந்நியமில்லை. பழைய யாழின் பத்தருக்குத் தோல் போர்த்தப்பட்டிருந்ததைச் சங்கப் பாட்டுகள் விரிவாகவே சொல்கின்றன. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து 1947இல் வெளியிட்ட யாழ் நூல், அக்கருவிகளின் உறுப்புகளையும் சுருதிக் கணக்கையும் மீட்டெடுக்க முயன்றது. வட இந்தியாவின் சரோதும் ஆப்கானிஸ்தானின் ரபாபும் இன்றுவரை தோல் போர்த்தவையே. வீணையில் குடமும் மரப்பலகையும் செய்யும் வேலையை இந்தக் கருவிகளில் தோல் செய்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து மற்றெல்லாம் பிறக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். கம்பி தனியே அதிர்ந்தால் ஓசை மிகக் குறைவு. அது காற்றை வெட்டிக்கொண்டு போகும், தள்ளாது. கம்பியின் அசைவு குதிரை வழியாக அகன்ற ஒரு பரப்புக்குப் போனால்தான் காற்று அசையும். வீணையிலும் கிற்றாரிலும் அந்தப் பரப்பு பாரமான பலகை. கம்பியின் சக்தியை அது மெல்ல மெல்ல வாங்கும். அதனால் நாதம் நீண்டு நிற்கும். பேஞ்சோவின் தோல் கால் மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது. குதிரை இரண்டு கிராம் அளவு பாரமுள்ள சின்ன மரத்துண்டு. ஒட்டப்படாமல், கம்பிகளின் அழுத்தத்தால் மட்டும் தோலின்மேல் நிற்பது. கம்பியின் சக்தி முழுவதும் நொடிப்பொழுதில் தோலுக்குப் பாய்ந்து வெளியேறிவிடும். உரத்த தொடக்கம், சட்டென்ற மறைவு. பேஞ்சோவை மறைத்து வைத்து மீட்டினாலும் அது பேஞ்சோ என்று கண்டுபிடிக்க வைப்பது இந்தக் குணமே.

மலிவான கருவியிலும் இது அப்படியே இருக்கிறது. பௌதிகம் விலைப்பட்டியலைப் பார்த்து மாறுவதில்லை. தோலும் குதிரையும் கம்பியும் இருந்தால் பேஞ்சோவின் அடிப்படை ஓசை வந்தே தீரும். மலிவான வயலின் வயலின்போல ஒலிக்கத் தவறலாம். மலிவான பேஞ்சோ பேஞ்சோபோல ஒலிக்கத் தவறுவது அரிது. வாங்கப்போகிறவர் முதலில் தெரிந்திருக்கவேண்டியது இதுதான்.

அப்படியென்றால் மூவாயிரம் டொலர் எங்கே போகிறது? கழுத்தில் பதித்த முத்துச்சிப்பி வேலைப்பாட்டிலும், பின்புறக் கிண்ணத்தின் மெருகிலும், பொன்முலாம் பூசிய உலோகங்களிலும் ஒரு பகுதி போகிறது. அவை கண்ணுக்கு உரியவை. அழகாகச் செய்யப்பட்ட ஒன்றைக் கையில் எடுக்கும் மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லமாட்டேன். காதுக்கு உரிய பகுதி வளையத்தில் தொடங்குகிறது. நல்ல கருவியில் தடித்த மேப்பிள் மரப்பட்டைகளை நீராவியில் வளைத்து, மூன்று அடுக்காக ஒட்டி, கடைசல் பிடித்து வட்டம் திருத்துகிறார்கள். அதன் தலையில் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ பாரமுள்ள வெண்கல வார்ப்பு வளையம் உட்காரும். டோன் ரிங் என்பது அதுவே. தோல் அந்த வெண்கலத்தின்மேல் இழுபடுகிறது. மிக மலிவான கருவிகளில் ஒரு வகை, வளையத்தையும் விளிம்பையும் ஒரே அலுமினிய வார்ப்பாகவே ஊற்றி எடுத்தது. இன்னொரு வகை, மெல்லிய மரத்தட்டுகளைப் பல அடுக்காக ஒட்டிய வளையத்தின்மேல் நேரடியாகத் தோலை இழுத்தது, அல்லது வெறும் உருக்குக் கம்பி வளையம் ஒன்றை வைத்தது.

பாரம் ஏன் முக்கியம்? தோல் அதிரும்போது தன் விளிம்பையும் இழுக்கிறது. விளிம்பு இலேசாக இருந்தால் அதுவும் சேர்ந்து ஆடி, சக்தியில் ஒரு பங்கை மரத்துக்குள்ளே விழுங்கிவிடும். பாரமாகவும் விறைப்பாகவும் இருந்தால் அசையாமல் நின்று, சக்தியைத் தோலுக்கே திருப்பும். இதன் பலன் கழுத்தின் மேற்பகுதியில், பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே தெளிவாகக் கேட்கும். நல்ல கருவியில் அங்கேயும் சுரம் தனித்தனியாக, முத்துப்போல விழும். மலிவானதில் அதே இடத்தில் சுரம் கட்டையில் தட்டியதுபோல அடைத்துப் போகும். கீழ்ப்பகுதியில், திறந்த கம்பிகளில் வேறுபாடு குறைவு. கடையில் கருவியைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் மட்டும் மீட்டிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று முடிவுசெய்கிறார்கள். அலுமினிய வார்ப்பின் ஓசை வேறு மாதிரி: கூர்மை உண்டு, அடியில் சதைப்பிடிப்பு இல்லை. உரத்து ஒலிக்கும், ஆனால் சிறிது நேரத்தில் காது சலித்துவிடும்.

நல்ல ஓசை எது என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டுப் பார்க்கவேண்டும். மிச்சிகனின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனம் 1920களில் மாஸ்டர்டோன் என்ற பெயரில் பாரமான வளையம் கொண்ட பேஞ்சோக்களைச் செய்யத் தொடங்கியது. அப்போது அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் நடனக் குழுக்களில் நான்கு கம்பி பேஞ்சோ வாசித்தவர்கள். ஒலிபெருக்கி பரவாத மண்டபத்தில் ஊதுகருவிகளுக்கு ஈடுகொடுக்க உரத்த கருவி வேண்டியிருந்தது. 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற பேஞ்சோக் கலைஞர், பில் மன்ரோவின் இசைக்குழுவில் சேர்ந்து மூன்று விரல் முறையில் மின்னலாக வாசிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பாரமான கருவிக்குப் புதிய வேலை கிடைத்தது. விரைவான சுரங்கள் ஒன்றோடொன்று கலங்காமல் கேட்க அதன் தெளிவு உதவியது. அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களின் காதில் அதுவே பேஞ்சோவின் சரியான ஓசையாகப் பதிந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய அந்தக் கிப்சன் கருவிகள் இன்று பல பத்தாயிரம் டொலருக்குக் கைமாறுகின்றன.

அதே அமெரிக்காவில் அப்பலாச்சியா மலைநாட்டின் பழைய முறைப் பாட்டுக்காரர்கள் இதற்கு எதிர்த்திசையில் போகிறார்கள். பின்புறக் கிண்ணம் இல்லாத இலேசான பேஞ்சோவை எடுத்து, தோலுக்குப் பின்னால் துணியையும் செருகி, ஓசையை மட்டுப்படுத்தி வாசிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இருண்ட, மொத்தையான, மேளத்தோடு ஒட்டிய ஓசை. அவர்களிடம் ஐந்து கிலோக் கருவியைக் கொடுத்தால் வாங்கி வைத்துவிட்டுத் தங்கள் இலேசான கருவிக்கே திரும்புவார்கள். ஆகவே மலிவான, டோன் ரிங் இல்லாத பேஞ்சோவைக் குறையுள்ள மாஸ்டர்டோன் என்று மட்டும் பார்ப்பது நியாயமில்லை. பாட்டுக்குத் துணையாக வாசிக்க, கூட்டத்தோடு கைதட்டிப் பாட, அது சில வேளைகளில் பொருத்தமான கருவியாகவே இருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பேஞ்சோவைப் பற்றிய அறிவியல் ஆய்வு வயலினைப் பற்றியதைப்போலப் பெரிதல்ல. ஆனால் இருப்பது தரமானது. 2003இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் ஜோ டிக்கி என்பவர் ஐந்து கம்பி பேஞ்சோவைக் கணித மாதிரியாக்கிப் பார்த்தார். உரப்பு, கூர்மை, ஓசை மறையும் வேகம் என்ற மூன்றையும் அளவாக எடுத்துக்கொண்டு, தோலின் இழுவை, குதிரையின் பாரம், கம்பியின் தன்மை ஆகியவை மாறும்போது அவை எப்படி மாறுகின்றன என்று கணக்கிட்டார். அவர் தொடங்கிய இடம் முக்கியமானது: ஓசையைத் தீர்மானிக்கும் இத்தனை அம்சங்களை வாசிப்பவரே எளிதாக மாற்றிக்கொள்ளக்கூடிய கருவி இதைப்போல வேறில்லை. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் ரேயும் தோமஸ் ரொசிங்கும் தோலும் குதிரையும் அதிரும் விதங்களை ஆய்வுகூடத்தில் அளந்து வெளியிட்டார்கள்.

டேவிட் பொலிட்சரின் பணி இன்னும் சுவையானது. அணுக்கருவின் உள்ளே இயங்கும் விசையைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக 2004இல் பௌதிக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்துகொண்டே பேஞ்சோவைப் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை எழுதினார். சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டவற்றில் டியரிங் நிறுவனத்தின் குட்டைம் வகைக் கருவிகளும் உண்டு. அமெரிக்காவில் செய்யப்பட்டாலும் அவை தொடக்க நிலை விலையில் கிடைப்பவை. ஒன்றில் மட்டும் வேறுபட்டு மற்றெல்லாவற்றிலும் ஒத்த கருவிகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது அவருடைய முறை. வளையத்தின் ஆழத்தை மட்டும் மாற்றி, உள்ளே அடைபட்ட காற்று கீழ்ச்சுருதிகளை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்தார். பேஞ்சோவின் உலோகக் கிணுகிணுப்புக்கு அவர் தந்த விளக்கம் வியப்பானது: குதிரை தோலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும்போது கம்பி கணந்தோறும் சிறிது நீண்டு சுருங்குகிறது, அதனால் சுருதியே நுட்பமாக நடுங்குகிறது, அந்த நடுக்கம் புதிய மேற்சுரங்களை உண்டாக்குகிறது. விளக்கம் சரியாயின், குதிரையின் மேலாகக் கம்பி மடியும் கோணமும், கம்பியைப் பின்னால் பிடித்திருக்கும் வாலின் அமைப்பும் ஓசையில் பங்கு கொள்கின்றன. இரண்டும் ஒரு திருகாணி முறுக்கினால் மாறக்கூடியவை.

மலிவும் விலையுயர்வும் பற்றிய நேரடியான கேட்டல் சோதனைக்கு மற்றக் கருவிகளின் பக்கம் போகவேண்டும். குளோடியா பிரிட்ஸ் குழுவினர் 2010இல் இண்டியானபொலிசில் 21 வயலின் கலைஞர்களின் கண்களை மறைத்து, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி உள்ளிட்ட மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் வாசிக்கச் செய்தார்கள். பெரும்பாலானோர் புதியதையே விரும்பினார்கள். எது பழையது என்று உறுதியாக அடையாளம் காண அவர்களால் முடியவில்லை. பின்னர் பிரான்சில் பத்துத் தனிக்கலைஞர்களோடு நடந்த சோதனையும் இதே பக்கம் சாய்ந்தது. ஆனால் இதை எடுத்துக்காட்டி மலிவும் தரமும் ஒன்றே என்று வாதிடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அங்கே இருந்த புதிய வயலின்கள் மலிவானவை அல்ல, தேர்ந்த கைவினைஞர்கள் செய்தவை. நமக்கு இன்னும் நெருக்கமானது 2018இல் வெளியான கிற்றார் ஆய்வு. ரொஜர் பக்னால் என்ற கைவினைஞர் ஆறு கிற்றார்களைச் செய்தார். எல்லாம் ஒன்றே, முதுகுக்கும் பக்கத்துக்கும் போட்ட மரம் மட்டும் வேறு. மங்கிய வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி அணிந்து 52 பேர் அவற்றை வாசித்துப் புள்ளி கொடுத்தார்கள். விலை கூடிய அருமரங்களுக்கும் மலிவான மரங்களுக்கும் இடையில் பெரிய வேறுபாடு எதுவும் வெளிப்படவில்லை. ஒரு கருவியின் விலையைக் கூட்டும் எல்லாப் பொருளும் ஓசையைக் கூட்டுவதில்லை என்பதற்கு இது திறமான சான்று. பேஞ்சோவின் பின்புறக் கிண்ணத்துக்கு வோல்நட் மரமா மேப்பிள் மரமா என்று நடக்கும் வாக்குவாதத்தை இந்த ஆய்வுக்குப் பிறகு நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெண்கல வளையத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். அது அதிரும் தோலை நேரடியாகத் தாங்குவது.

இப்போது விடயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மலிவான பேஞ்சோ கெட்ட ஓசை தருகிறது என்று சொல்கிற பலர், சரிசெய்யப்படாத ஒரு கருவியைச் சரிசெய்யப்பட்ட ஒரு கருவியோடு ஒப்பிடுகிறார்கள். விலையுயர்ந்த கருவியைச் செய்கிற பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து தோலை முறுக்கி, குதிரையை நிறுத்தி, கம்பிக் குழிகளை அராவி, வாசித்துப் பார்த்து அனுப்புகிறார். அந்த உழைப்பும் விலைக்குள் இருக்கிறது. மலிவான கருவி பெட்டிக்குள் தோல் தளர்ந்து, குதிரை படுத்தபடி வருகிறது. கழற்றி வைத்த மத்தளத்தைத் தட்டிப் பார்த்து மத்தளமே கூடாது என்று யாரும் இங்கே சொல்வதில்லை.

தோலில் தொடங்கவேண்டும். பதினொரு அங்குல வட்டத்தைச் சுற்றி வழக்கமாக இருபத்துநான்கு கொக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றின் நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கொக்கிக்கு எதிரே உள்ள கொக்கி என்ற ஒழுங்கில் முறுக்கவேண்டும். கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு கொக்கிக்கும் பக்கத்தில் தோலை விரலால் தட்டிக் கேட்டால் எங்கே தளர்வு என்று தெரியும். மிருதங்கக்காரர் வலந்தலையைச் சுற்றித் தட்டிக் கேட்டு, கல்லாலும் கட்டையாலும் அடித்துச் சமப்படுத்துவதும், கூத்துக்கு முன் அண்ணாவியார் மத்தளத்தின் வார் இழுத்துப் பதம் பார்ப்பதும் இதே வேலை. தட்டும் ஓசை சுற்றிலும் ஒன்றாகி, ஜீ சுரத்தையோ அதற்கு அரைச்சுரம் மேலேயோ தொட்டால் பெரும்பாலான கருவிகள் விழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் இதற்கென்று அளவுமானி விற்கிறார்கள். மத்தளம் பிடித்த கைக்கு அது தேவைப்படாது.

அடுத்தது குதிரை. மலிவான கருவியோடு வரும் குதிரை பெரும்பாலும் தடித்த, மென்மையான மரத்தில் அச்செடுத்தது. கம்பியின் கூர்மையை விழுங்குவது. நல்ல குதிரைக்கு மேப்பிள் உடலும் கருங்காலி முடியும். அப்படி ஒன்று வெளிநாட்டில் முப்பது, நாற்பது டொலருக்குள் கிடைக்கும். மொத்தக் கருவியில் காசுக்கு ஓசை தருவதில் இதற்கு நிகர் வேறில்லை. பனிச்சங்கேணியின் பெயரில் இருக்கும் பனிச்சை மரமும் கருங்காலியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இலங்கைக் கருங்காலி உலகெங்கும் பெயர்பெற்றது. இப்போது அதை வெட்டத் தடை இருப்பது நல்லதே. குதிரைக்கு வேண்டியது மூன்று மில்லிமீற்றர் கனத்தில் ஒரு சிம்பு. உடைந்த பழைய கதிரைக் கையிலிருந்துகூட அதை எடுக்கலாம். மட்டக்களப்பில் தலைமுறைகளாகத் தச்சும் கொல்லும் இயந்திரத் திருத்தமும் செய்துவந்த பறங்கிக் குடும்பங்கள் உண்டு. வயலினும் றபானும் அவர்களுடைய கல்யாண வீட்டு இசை. கொக்கியும் நட்டும் திருகாணியுமாகப் பூட்டிய இந்தக் கருவியைக் கழற்றிப் பூட்ட அவர்களைப்போலப் பொருத்தமான கைகளை நான் வேறெங்கும் தேடமாட்டேன்.

குதிரை நிற்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். தலைமேட்டிலிருந்து பன்னிரண்டாவது மெட்டுவரை உள்ள தூரமும், அங்கிருந்து குதிரைவரை உள்ள தூரமும் ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும். இது தவறினால் கருவி எந்த விலையுடையதாயினும் மேலே போகப் போகச் சுருதி விலகும். மலிவான பேஞ்சோவின் ஓசை பிடிக்கவில்லை என்ற முறைப்பாட்டில் ஒரு பகுதி உண்மையில் சுருதி விலகலைப் பற்றியதே. கம்பியும் அப்படித்தான். பெட்டியில் வந்த கம்பியைக் கழற்றிவிட்டுப் புதியது போடவேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில குறைகள் மலிவில் மிஞ்சும், அதை மறைக்கக்கூடாது. ஐந்தாவது கம்பியின் முறுக்காணி பற்சக்கரம் இல்லாமல் உராய்வால் மட்டும் நிற்பதாக இருந்தால், வாசிக்கும்போதே நழுவும். கழுத்து வளையத்தோடு சேரும் இடம் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் எந்தத் திருகாணியும் அதைத் தீர்க்காது. மெட்டுகளின் ஓரம் கையைக் கிழிக்கலாம். இலேசான வளையம் இலேசாகவே இருக்கும். பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே அந்த முத்தோசை வராது. பேஞ்சோக் கலைஞர் பேலா பிளெக், தபேலாக் கலைஞர் சாகிர் ஹுசேனோடும் எட்கர் மேயரோடும் 2009இல் வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டால், தபேலாவின் மிக நுண்ணிய சொற்கட்டுகளுக்கு இணையாகப் பேஞ்சோவின் ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்பது புரியும். அவர் வாசிப்பது போருக்கு முந்திய கிப்சன். அந்த அளவு தேவைப்படும் கலைஞருக்கு மலிவான கருவி போதாது. அவருக்குப் பாரமான வளையத்தின் விலை வீண்செலவாகாது.

பனிச்சங்கேணியில் கருவிக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு; காற்றில் எப்போதும் உப்பு. மாரியில் வாடை வீசும் மாதங்களில் எல்லாத் தோலும் தளர்கிறது. ஆடியில் கச்சான் அடிக்கும்போது அதே தோல் காய்ந்து இறுகுகிறது. 1950களின் பிற்பகுதிவரை பேஞ்சோக்காரர் எல்லோருக்கும் இதே துன்பம் இருந்தது. கன்றுத்தோலை மழைநாளில் முறுக்கவேண்டும், வெயில் வந்ததும் தளர்த்தவேண்டும், மறந்தால் கிழியும். பின்னர் மைலார் என்ற பொலியெஸ்டர் தோல் வந்து அதை முடித்துவைத்தது. இன்றைய மலிவான கருவியும் விலையுயர்ந்த கருவியும் பெரும்பாலும் ஒரே வகை மைலார் தோலையே பாவிக்கின்றன. ஓசையில் இவ்வளவு பங்குள்ள உறுப்பு இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மலிவின் பக்கத்துக்குப் பெரிய ஆறுதல். கன்றுத்தோலின் வெதுவெதுப்பான ஓசையை விரும்பி விலைகொடுத்துப் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. களப்புக் கரையில் அதைச் செய்வதற்கு நான் யாரையும் ஊக்கப்படுத்தமாட்டேன்.

உப்புக்காற்று உலோகத்தில் வேலை காட்டும். நல்ல கருவியின் நிக்கல் முலாம் தடிப்பானது, பல ஆண்டு தாங்கும். மலிவில் முலாம் சீக்கிரம் புள்ளிவிட்டு, கொக்கிகளின் புரி துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு தோலைச் சரிசெய்யவே முடியாது. கருவியை வாங்கிய அன்றே நட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும், வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைப்பதும் இந்தக் கரையில் ஓசையைக் காப்பாற்றும் வேலைகள். ஒட்டுப் பலகையை அடுக்கிய மலிவான வளையம் ஈரத்தில் அடுக்கு விடும் அபாயமும் உண்டு. இந்த ஒரு விடயத்தில் மட்டும் அலுமினிய வார்ப்பு வெல்கிறது.

காசுக் கணக்கும் ஓசையின் கணக்கோடு சேர்ந்ததே. 2022இல் ரூபாய் விழுந்தபோது ஒரு டொலர் சில மாதங்களுக்குள் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனது. முன்பு ஒரு தொழிலாளி சேமித்து வாங்கக்கூடியதாக இருந்த கருவி கைக்கு எட்டாமல் போனது. மூவாயிரம் டொலர்க் கருவி இங்கே ஒன்பது இலட்சம் ரூபாய்க்கு மேல். வரியும் கப்பற்கூலியும் வேறு. மீன்பிடியிலும் வயலிலும் உழைக்கும் குடும்பத்திடம் அதைத் தரத்தின் பெயரால் பேசுவதே பொருந்தாது. இருநூறு டொலர்க் கருவியோடு நாற்பது டொலருக்கு ஒரு குதிரையும், நல்ல கம்பித் தொகுதி இரண்டும், தேவைப்பட்டால் ஒரு புதுத் தோலும் கொண்டுவரச் சொல்வதே என் முடிவு. மரவளையம் கொண்டதாகவும், ஐந்தாவது முறுக்காணி பற்சக்கரம் உடையதாகவும், பின்புறக் கிண்ணம் கழற்றக்கூடியதாகவும் பார்த்து வாங்கவேண்டும். இன்னும் கொஞ்சம் கூட்ட முடிந்தால் ஐந்நூறு, அறுநூறு டொலர் அளவில் மரவளையத்தோடு ஒரு சிறு உலோக வளையமும் வைத்த கருவிகள் கிடைக்கின்றன. விலைக்கும் ஓசைக்கும் உள்ள உறவு மிக நேர்மையாக இருப்பது அந்த இடத்தில்தான். அதற்கு மேலே போகப் போகச் சிறிய முன்னேற்றத்துக்குப் பெரிய தொகை கேட்கப்படுகிறது.

இந்த ஒப்பீட்டை இங்கேயே செய்து பார்க்க நமக்கு வசதியிருக்கிறது. கல்லடியில் விபுலானந்தரின் பெயரால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை படிக்கும் மாணவர்களும், மத்தளத்தோடு வளர்ந்த கூத்தர்களும் மட்டக்களப்பைச் சுற்றி இருக்கிறார்கள். இரவல் வாங்கிய ஒரு பாரமான கருவி, சரிசெய்யப்பட்ட ஒரு மலிவான கருவி. இரண்டுக்கும் ஒரே வகைத் தோல், ஒரே அளவு இழுவை, புதுக் கம்பி. திரைக்குப் பின்னால் ஒரே கை ஒரே பாட்டை, கழுத்தின் கீழும் மேலுமாக வாசிக்கட்டும். கேட்பவர்கள் பேசிக்கொள்ளாமல் எழுதட்டும். பிறகு இரண்டு கருவிகளின் குதிரைகளையும் மாற்றிப் போட்டு, அதே பாட்டை அதே வரிசையில் மறுபடி வாசிக்கவேண்டும். வாடைக்காலத்தில் ஒரு தடவையும் கச்சானில் ஒரு தடவையும் செய்தால், எழுதிய தாள்களை அடுக்கி வைத்துப் பார்க்கும்போது வளையம் பேசியது எவ்வளவு, குதிரை பேசியது எவ்வளவு என்று பிரித்துக் காணலாம்.